அண்ணன் கழற்றாத பேட்டரி

கேமராவைக் குப்புறக் கவிழ்த்து, அடிப்பக்கத்து மூடியின் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருகினார் சுதாகர். மூடி அசையவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். வாசலில் லேப்டாப்போடு நின்றிருந்தவருக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்து மறுபடி திருகினார்.

கரகரவென்று ஒரு சத்தம். மூடி கழன்று வந்ததும் உள்ளேயிருந்து பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது.

"அய்யய்யோ" என்றார். "பேட்டரி உள்ளயே செத்து, கசிஞ்சி, காஞ்சி போயிருக்கு மேடம். எத்தனை வருஷமா இதைக் கழட்டவே இல்ல?"

"என்கிட்ட இல்ல தம்பி. எங்க அண்ணன்கிட்ட இருந்தது."

"அப்படியா? அவரு இதை யூஸ் பண்ணவே இல்ல போல."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். திருப்பதியில், கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் சுதாகரின் சின்ன ரிப்பேர் கடை. முன்பக்கம் லேப்டாப், சிசிடிவி. உள்ளே ஒரு மேஜையில் மட்டும் கேமரா. வெளியே, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குடும்பமொன்று கையில் லட்டுப் பையோடு போய்க்கொண்டிருந்தது. ஈயம் உருகும் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேலாகக் கேமரா அண்ணனிடம் இருந்தது. கேட்டபோதெல்லாம் அவன் சொன்ன பதில், "நான் யூஸ் பண்ணிக்கினு இருக்கேன்" என்பதுதான்.

மாமா யாருக்குக் கொடுத்தார்

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கரும்பு, வேர்க்கடலை, கொஞ்சம் மாந்தோப்பு. அம்மாவின் தம்பி குவைத்தில் டிரைவர். அவர் முதல்முறை ஊருக்கு வந்தபோது பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறந்தார். சென்ட் பாட்டில் ஒன்று உடைந்து, எல்லாத் துணியிலும் அந்த வாசனை. அண்ணன் முனிரத்தினத்துக்கு டேப் ரிக்கார்டர். நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கைக்கடிகாரம். கடைசியாகத் தோல் உறைக்குள்ளிருந்து ஒரு ஜப்பான் கேமராவை எடுத்தார். அங்கே யாரோ விற்றதை வாங்கியது, புதிதல்ல.

"இது வள்ளிக்கு" என்றார்.

"பொண்ணுக்கு இன்னாத்துக்குடா இது?" என்றாள் அம்மா.

"நான் அங்க தனியா கெடந்தப்ப ஊரு எப்படியிருக்குன்னு எழுதினது யாரு? அதுதான? இனிமே எழுத வேணாம், எடுத்து அனுப்பட்டும்."

எல்லோர் முன்னாலும் சொன்னார். அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்தால் வலது ஓரத்தில் ஒரு மெல்லிய ஊசி தெரியும். வெளிச்சம் அதிகமானால் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். நடுவில் உள்ள சின்னப் பிளவுக்கு நேராக ஊசி வந்து நிற்கும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பவேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அந்தப் பாகத்துக்குத்தான் மீட்டர் என்று பெயர். கேமராவில் பேட்டரி தேவைப்படுவதும் அது ஒன்றுக்கு மட்டுமே. எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது அந்த ஊசிதான். மாமா கற்றுத்தரவில்லை, அவருக்கும் தெரியாது.

வெட்கப்படாமல் நின்றவர்கள்

அப்போதெல்லாம் போட்டோவுக்கு ஆள் வேண்டுமென்றால் புத்தூரிலிருந்து ஸ்டூடியோக்காரர் வரவேண்டும். அவர் முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லாய்ச் சமைந்துவிடுவார்கள். தாடை இறுகும், கண் தரையைப் பார்க்கும். காலனிப் பக்கம் அவர் போகவே மாட்டார்.

நான் போனேன். அம்மா திட்டினாள், திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். குளித்துவிட்டு, மறுநாளும் போனேன்.

காலனியில் சரோஜா என்று ஒருத்தி. புருஷன் மஸ்கட்டில். குழந்தை பிறந்ததை அவனுக்குக் காட்டவேண்டும். நான் போனபோது தட்டில் சோறு இருந்தது. "இரு வள்ளி, துன்னுட்டு வரேன், பசியோட நின்னா மூஞ்சி நல்லாருக்காது" என்றாள். சாப்பிட்டுக் கை கழுவி, ஈரக் கையோடு குழந்தையைத் தூக்கினாள். குழந்தை வீறிட்டது, அவள் பல் தெரியச் சிரித்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த லீவுக்கு முன்னாலேயே அவன் ஊருக்கு வந்துவிட்டான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவிக் கொடுப்பவர் ஒருநாள், "யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார். நான் என்றதும் இன்னொரு தடவை படங்களைப் புரட்டினார். அடுத்த ரோலிலிருந்து கவனமாகக் கழுவித் தந்தார். அந்த வயதில் எனக்கு அது போதுமாக இருந்தது.

பீரோவுக்குள் போனது

சித்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே கேமராவை வைத்திருந்தேன். அண்ணன் பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்தான்.

"அங்க போயி ஸ்டூடியோ வெக்கப் போறியா? மாப்ள வூட்ல இன்னா நெனப்பாங்க? இது இங்கயே இருக்கட்டும். எனக்கு வேணும்."

"மாமா எனக்குக் குடுத்தது அண்ணா."

"குடுத்தாரு. இந்த வூட்லதான குடுத்தாரு."

நைனா வெற்றிலை மென்றுகொண்டு தெருவைப் பார்த்தார். அம்மா புடவைகளை மறுபடி அடுக்கி இடைவெளியை நிரப்பினாள். பீரோ சாத்தும் சத்தம் கேட்டது.

சித்தூரில் தமிழ்ப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்ததையும், மாமியார் வீட்டையும் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கங்களில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வருஷங்களில் பல தடவை கேமராவைக் கேட்டேன். மூத்தவன் பிறந்தபோது கேட்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்குக் கேட்டேன். மாமா குவைத்திலேயே இறந்துபோன வருஷம், ஞாபகத்துக்காவது இருக்கட்டும் என்று கேட்டேன். "நான் யூஸ் பண்ணிக்கினு இருக்கேன்" என்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டு இல்லை என்று வாங்கிக்கொள்வதில் ஒரு சிறுமை இருக்கிறது. அது கேமரா இல்லாததைவிட மோசம்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும். அம்மா படுக்கையில் விழுந்தபோது ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, துணி மாற்றியது எல்லாம் அண்ணன்தான். மருமகளிடம்கூட விடவில்லை. என் பிரசவங்களுக்கு வண்டி பிடித்துக்கொண்டு ஓடி வந்தவனும் அவனே. கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒண்ணுத்துக்கும் ஆவாது"

அண்ணன் வைத்த உரக்கடை நன்றாக ஓடியது. அண்ணன் திருப்பதியில் மாடி வீடு கட்டிக் குடிபோனான். கேமரா அங்கே ஷோகேஸில், பிளாஸ்டிக் பூங்கொத்துக்கும் யாரோ கொடுத்த ஷீல்டுக்கும் நடுவில் இருந்தது. போகும்போதெல்லாம் பார்ப்பேன். பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொள்வேன்.

அவன் மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீட்டுக்குப் புது பெயின்ட், புது ஷோகேஸ். நான் போனபோது அண்ணி பழைய சாமான்களைத் தரையில் பரப்பியிருந்தாள்.

"அதுல மீட்டர் போயிடுச்சி" என்றான் அண்ணன், சோபாவிலிருந்து எழுந்திருக்காமலே. "ஒண்ணுத்துக்கும் ஆவாது. வேணும்னா எடுத்துக்கினு போ வள்ளி."

ஓட்டை விழுந்த குண்டானைப் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிடுகிற குரல். எடுத்துக்கொண்டேன்.

பஸ் சந்திரகிரி தாண்டும்வரை பையைத் திறக்கவில்லை. பிறகு திறந்து கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஊசி அடியில் கிடந்தது. நெம்புகோலை இழுத்துப் பட்டனை அழுத்தினேன். ஷட்டர் 'டக்'கென்று அடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்பக்க மூடியைத் திறந்தேன். பழைய ரோல் ஏதாவது இருக்குமோ என்று ஒரு நப்பாசை. காலி.

அடுத்த வாரமே சித்தூரில் விசாரித்து, சுதாகரின் கடையைக் கண்டுபிடித்து, மறுபடி திருப்பதி போனேன். அங்கேதான் அந்தப் பச்சைப் பொடி உதிர்ந்தது.

காது மிஷின் பேட்டரி

பொடியைச் சுரண்டி, அரித்துப்போன ஒயரை மாற்றி, சரியாகிவிட்டது என்று போன் செய்தார் சுதாகர். அந்தக் கேமராவுக்கான பாதரசப் பேட்டரி இப்போது எங்கும் செய்வதில்லையாம். கிட்டத்தட்ட அதே அளவில், அதே மின்னழுத்தம் தருவது காதுகேட்கும் கருவியின் பேட்டரி. அதைச் சித்தூரிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னார். திருப்பதி போய்க் கேமராவை வாங்கி வந்தேன்.

காது மிஷின் கடையில் நான் வாய் திறப்பதற்குள் கடைக்காரர், "எந்தக் காதும்மா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். கேமராவுக்கு என்றேன். அதற்கும் கத்தித்தான் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பேட்டரியைப் போட்டதும் ஊசி துள்ளி எழுந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினேன், ஏறியது. சுவர் பக்கம் திருப்பினேன், இறங்கியது. மறுபடி ஜன்னலுக்குத் திருப்பியபோது அடியிலேயே கிடந்தது. தட்டினேன், உலுக்கினேன், பேட்டரியை மாற்றினேன். எழவில்லை.

மறுபடி பஸ். சுதாகருக்கு எரிச்சல். "மீட்டருக்குள்ள சின்னக் காயில் இருக்கு மேடம். பேட்டரி கசிவு அதுவரைக்கும் ஏறி அரிச்சிருக்கு. நான் அப்பவே சொன்னேனே" என்றார். அவர் சொல்லவில்லை. "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? போன்ல ஆப் இருக்கு, அது வெளிச்சத்தைச் சொல்லிடும். அதைப் பாத்து இதுல எடுங்க."

"எனக்கு இந்த ஊசி வேணும் தம்பி."

"அப்போ இதே மாடல்ல செத்த கேமரா ஒண்ணு வேணும். அதோட மீட்டரை எடுத்து இதுல வெக்கணும்."

மாம்பழ சீசன் முடியும்வரை தேடினார். கடைசியில் பெங்களூரில் ஒருவரிடம், தண்ணீரில் விழுந்து ஷட்டர் இறுகிப்போன ஒரு கேமரா கிடைத்தது. மீட்டர் மட்டும் பிழைத்திருந்தது. அதை எடுத்து இதில் பொருத்தினார்.

வாங்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து கண்ணில் வைத்தேன். எதிர்க்கடையின் பித்தளைக் குத்துவிளக்குகளில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. ஊசி மேலே போனது. வளையத்தைத் திருப்பினேன். நடுவுக்கு வந்து நின்றது.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. ஒரு நாணயத்தை வைத்து மூடியைத் திருகிப் பேட்டரியை வெளியே எடுத்து வைத்திருந்தால் இத்தனை வருஷமும் மீட்டர் உயிரோடு இருந்திருக்கும். கேமராவை எனக்குக் கொடுக்கவும் மனமில்லை, தானும் தொடவில்லை. யாருக்கும் உதவாமல் அதை அழுக விட்டதற்கா என்னிடமிருந்து பிடுங்கினான்?

கீர்த்தனா வந்தாள்

ரிப்பேர் ஆனதை அண்ணியிடம் சொன்னேன், அவள் மூலமாகச் சேதி அண்ணனுக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"கீர்த்தனா கேக்குது. கல்யாணத்துக்கு அதுல எடுக்கணுமாம். இப்ப அதான் பேஷனாம். குடுத்தனுப்பு."

"ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நீதான குடுத்த?"

"அது அப்ப. உனக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கித் தரேன், அதுல எடுத்துக்கோயேன்."

"எனக்கு வேணும் அண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் கீர்த்தனாவே வந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். சின்ன வயதிலிருந்தே என் மேல் பிரியம். கேமராவைக் கையில் வாங்கித் தோலைத் தடவினாள்.

"அத்தை, எனக்குப் போட்டோகிராபில ஆசை வந்ததே இதாலதான் தெரியுமா? அப்பா எடுத்த பழைய போட்டோல்லாம் பாத்து பாத்து."

"அப்பா எடுத்ததா? எந்தப் போட்டோ?"

"அந்த ஆல்பம்தான். பாட்டி வேர்க்கடலை தூத்தறது, அந்தக் காலனி லேடி குழந்தையோட சிரிக்கிறது... குவைத் தாத்தா அப்பாவுக்குக் குடுத்த கேமரான்னு சொல்வாரே."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அந்த ஆல்பமும் பீரோவிலேயே தங்கிப்போனதுதான். அதைப் பற்றி நான் நினைத்தே பல காலமாகிவிட்டது.

"கண்ணு, அதெல்லாம் எடுத்தது நான்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள்.

"உங்கப்பா புது மோட்டார் சைக்கிள்மேல உக்காந்துக்கினு இருக்கிற படம் ஒண்ணு அதுல இருக்கே. அதை யாரு எடுத்தாங்களாம்?"

"செல்ஃப் டைமர்னு சொன்னாரு" என்றாள், மெதுவாக.

அதையும் எடுத்தது நான்தான். அந்தக் கேமராவில் தானாகப் படமெடுக்கும் செல்ஃப் டைமர் இருப்பதும், அதைத் திருகினால் 'கிர்'ரென்று ஓடும் என்பதும் அண்ணனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கீர்த்தனா யோசிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அப்பா, அந்த ஆல்பம் போட்டோல்லாம் அத்தை எடுத்ததா?"

அந்தப் பக்கம் உரக்கடை வாசலில் லாரி ஹாரன் கேட்டது. பிறகு அண்ணன் குரல்.

"அவளும் ஒண்ணு ரெண்டு எடுத்திருப்பா. இப்ப இன்னாத்துக்கு அது?"

"அப்போ கல்யாணத்துல அத்தையே எடுக்கட்டும்பா."

"அவளா? அத்தைக்கு மேடையில ஆயிரம் வேலை கெடக்குது. கேமராவை மாட்டிக்கினு திரிவாளா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா? நீ கெளம்பி வா."

போன் அணைந்தது. காபி கொடுத்தேன். குடித்தாள். கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மண்டப வாசலில்

கல்யாணத்துக்குப் போனேன். பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டு ஏந்தி, அத்தை செய்யவேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. கேமராவை எடுத்துப்போகவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் சந்தனம், கல்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில், என் படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேலே பூ அலங்காரம். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பலகை: மணப்பெண்ணின் தந்தை எடுத்த புகைப்படங்கள்.

அம்மாவின் படத்துக்கு முன்னால் கூட்டம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வியந்துகொண்டிருந்தார். அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறதாம், வாயைப் பாருங்கள் என்றார். "அப்பல்லாம் அதே பைத்தியமா திரிஞ்சேன்" என்று அண்ணனும் தெலுங்கிலேயே பதில் சொன்னான். என்னைப் பார்த்தான். பார்வையைத் தாழ்த்துவான் என்று எதிர்பார்த்தேன். "வள்ளி, இவங்களை டிபனுக்குக் கூட்டிக்கினு போ" என்றான். அவன் முகத்தில் குற்றத்தின் நிழல்கூட இல்லை. சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டிருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கூட்டிக்கொண்டு போனேன்.

தாலி கட்டி முடிந்து, ஆசீர்வாதம் செய்ய நான் குனிந்தபோது கீர்த்தனா என் காதருகே சொன்னாள். "பலகை எழுதினது எனக்குத் தெரியாது அத்தை. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. அப்பாவுக்கு அவமானமாயிடும். அப்புறம் எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அட்சதை போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாம்பழ சீசன் போய்விட்டது. கீர்த்தனா போன் செய்கிறாள், நலம் விசாரிக்கிறாள். அந்த 'அப்புறம்' வரவில்லை. அண்ணனும் நானும் விசேஷங்களில் பேசிக்கொள்கிறோம். கேமரா என்னிடம் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்களை அவ்வப்போது எடுக்கிறேன். பேட்டரியைக் கழற்றித்தான் வைக்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கலாம். உங்களுக்காகச் சொல்கிறேன். அம்மாவின் அந்தப் படத்தை எடுத்த அன்று மாலைக் காற்று நன்றாக இருந்தது. அம்மா முறத்தைத் தலைக்கு மேலே தூக்கி வேர்க்கடலையைத் தூற்றினாள். சரியாக அந்த நேரம் ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது, ஊசி இறங்கிவிட்டது. மேகம் விலகும்வரை முறத்தை இறக்காதே என்றேன். அவள் அப்படியே நின்றாள். கை நடுங்கியது. வெயில் வந்தது, ஊசி ஏறியது.

"எவ்ளோ நேரம்டி, கை கடுக்குது வள்ளி" என்றாள்.

கடைசி வார்த்தையை அவள் முடிக்கும் முன்பே பட்டனை அழுத்திவிட்டேன். அதனால்தான் அந்தப் படத்தில் அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அவள் என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.